டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் பெட்டியை எதோடு கட்டுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஹாட்ச்பேக் காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர், அதாவது பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர், இருக்கும் பெட்டி; ஸ்பீக்கரோடு சேர்த்து 22 கிலோ. வளைவில் திரும்பும்போதெல்லாம் நகர்ந்து போய்ப் பக்கச் சுவரில் இடிக்கிறது. தரையில் நான்கு ஸ்க்ரூ முடுக்கிவிடலாம் என்கிறார் கடைக்காரர். வெல்க்ரோ பட்டையே போதும் என்கிறார் நண்பர். புது வண்டியில் ஓட்டை போட உங்களுக்கு மனம் வரவில்லை. இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: பின் சீட்டில் நான்கு வயது மகள் உட்காருவாள். இத்தனை நீளமாக நான் எழுதுவது அந்த ஒரு வரிக்காகத்தான்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தினசரி ஓட்டத்தில் பெட்டி நகராமல் இருக்க என்ன செய்வது என்பது ஒன்று. மோதல் நடக்கும் நாளில் அது சீட்டைத் தள்ளிக்கொண்டு வராமல் இருக்க என்ன செய்வது என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஐம்பது ரூபாய்ப் பொருளே போதும். அதைச் செய்துவிட்டு இரண்டாவதும் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கோயம்புத்தூரில் பதினேழு ஆண்டுகளாகக் கார் ஆடியோ பொருத்துகிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் டிங்கரிங் பட்டறையில் இருந்தேன். அடிபட்ட வண்டிகளைப் பிரித்துப் பார்த்தவன் என்பதால் எந்தத் தகடு எதைத் தாங்கும் என்று ஓரளவு தெரியும். ஆனால் மோதல் சோதனைக் கூடத்தில் வேலை செய்தவன் அல்ல. நான் பொருத்திய எந்தப் பெட்டியையும் யாரும் சுவரில் மோதிப் பார்த்ததில்லை. கீழே வரும் கணக்குகள் உறுதியானவை, பள்ளிப் பாடப் பௌதிகம்தான். ‘இப்படிக் கட்டினால் எந்த விபத்திலும் அசையாது’ என்ற உத்தரவாதத்தை மட்டும் எந்தப் பட்டறைக்காரரும் தர முடியாது. தருகிறேன் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

காய்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை முழுவதும் அழுத்தினால், பெட்டியின் எடையில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமான விசை அதை முன்னால் தள்ளும். உங்கள் பெட்டிக்கு அது 17 கிலோ. இதற்கு வெல்க்ரோ தாங்கும், ஸ்க்ரூவும் தாங்கும், கனமான ரப்பர் பாயே கூடத் தாங்கலாம். இப்போது 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதன் மீதோ மோதி, முன்பகுதி 65 செ.மீ. நசுங்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 65 செ.மீ. தூரத்துக்குள் வேகம் முழுவதும் பூஜ்யமாக வேண்டும். கணக்குப் போட்டால் சராசரியாகப் புவியீர்ப்பின் 15 மடங்கு வருகிறது. 22 கிலோ பெட்டி 330 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். இது சராசரிதான், உச்சக் கணம் இதைவிடக் கடுமையாக இருக்கும். பிரேக்குக்கும் மோதலுக்கும் இடையே ஏறக்குறைய இருபது மடங்கு வித்தியாசம். ஓராண்டாக அசையாமல் இருந்த பெட்டி விபத்திலும் அசையாது என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். அந்த வேகத்தின் அளவு மனதில் பதிய வேண்டுமானால், அதே பெட்டியை மூன்றாவது மாடியிலிருந்து கீழே போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் 50 கி.மீ.தான்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை. பெட்டிக்கும் பின் சீட்டின் முதுகுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள்? மோதல் நடக்கும்போது கார் வேகம் குறைகிறது, கட்டப்படாத பெட்டி குறைவதில்லை. எனவே இடைவெளி கூடக்கூட சீட்டைத் தொடும் நேரத்தில் இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசமும் கூடும். மேலே சொன்ன அதே மோதலில், பெட்டி 40 செ.மீ. பின்னால் இருந்தால் சீட்டில் ஏறக்குறைய 39 கி.மீ. வேகத்தில் இடிக்கும். 5 செ.மீ.தான் இடைவெளி என்றால் 14 கி.மீ. இடியின் ஆற்றலில் எட்டு மடங்கு வித்தியாசம். தரை விரிப்பின் உராய்வை நான் கணக்கில் சேர்க்கவில்லை; சேர்த்தாலும் பெரிதாக மாறாது. ஆகவே எதைக் கொண்டு கட்டுவது என்பதற்கு முன்பே முதல் வேலை இதுதான்: பெட்டியைச் சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத பாதுகாப்பு இது. டிக்கிக் கதவைத் திறந்ததும் பார்வைக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று கதவோரமாகப் பெட்டியை வைத்துத் தருகிற வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

ஒட்டி வைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீட்டின் முதுகு சாய்ந்திருக்கும். சதுரமான பெட்டியை வைத்தால் மேல் விளிம்பு மட்டும் சீட்டைத் தொடும், அடியில் முக்கோணமாக ஒரு சந்து விழும். மோதலில் மொத்த விசையும் அந்த ஒற்றை விளிம்பு வழியாகச் சீட்டில் இறங்கும். டிங்கரிங் நாட்களில் ஒரு காரின் பின் சீட்டை உறை கழற்றிப் பார்த்தேன். முன்னால் பெரிய அடி இல்லை, பானெட்டும் ரேடியேட்டரும்தான் போயிருந்தன. ஆனால் சீட்டின் பின்புறத் தகட்டில் உளியால் அடித்தது போல ஒரு நேர்க்கோடு, இரண்டு விரல் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. பெட்டியின் மேல் விளிம்பு அது. நல்லவேளையாகப் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சீட்டின் சாய்வுக்கு ஏற்ப ஒரு பக்கம் சரிவாக அறுத்த பெட்டி கடைகளில் கிடைக்கிறது. உங்களுடையது சதுரம் என்றால் அந்தச் சந்தில் மரக்கட்டையைச் சரிவாகச் செதுக்கி அடைத்துவிடலாம்.

சீட்டு எவ்வளவு தாங்கும் என்று அடுத்து கேட்பீர்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிகளில் 17-ஆம் எண் விதி சீட்டுகளைப் பற்றியது. பின் சீட்டுக்கு 20 செ.மீ. பின்னால் ஒவ்வொன்றும் 18 கிலோ எடையுள்ள, 30 செ.மீ. கனசதுரக் கட்டிகள் இரண்டை வைத்து, 50 கி.மீ. மோதலுக்கு இணையான அதிர்ச்சியைக் கொடுப்பார்கள். சீட்டின் முதுகு அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆக, அந்த விதிப்படி செய்த சீட்டு ஒரு சப்வூஃபர் பெட்டியைக் கண்டு மிரளாது. ஆனால் முதுகு பூட்டில் சரியாக விழுந்திருந்தால்தான் இந்தக் கதையெல்லாம். மடக்கும் சீட்டின் பூட்டு அரைகுறையாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சில கார்களில் சிவப்புக் குறி வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் முதுகின் மேற்பகுதியைப் பிடித்து வண்டியின் முன்பக்கமாகப் பலமாக இழுத்துப் பாருங்கள். பெட்டி ஏற்றி இறக்கும் நாட்களில் கட்டாயம் பாருங்கள்.

வெல்க்ரோ விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. பெட்டியைச் சுற்றி ஒட்டியிருக்கும் கம்பளித் துணியில் வெல்க்ரோவின் முள் பக்கம் நன்றாகப் பற்றும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். ஆனால் ஓரத்திலிருந்து உரித்தால் எவ்வளவு சுலபமாக வரும் என்பதைச் செருப்பு வார் போட்டவர்கள் அறிவார்கள். மோதலில் பெட்டி நேராக வழுக்குவதில்லை. முதலில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு கவிழப் பார்க்கும். அப்படித் தூக்குவது உரிப்பதுதான். தவிர, டிக்கியின் தரை விரிப்பு பெரும்பாலான வண்டிகளில் சும்மா விரித்ததுதான். விரிப்போடு ஒட்டிய பெட்டி விரிப்பையும் சேர்த்துக்கொண்டு கிளம்பும். வளைவில் இடிக்கிற சத்தத்துக்கு வெல்க்ரோ போடுங்கள். மகளின் பாதுகாப்புக்கு அதை நம்பாதீர்கள்.

இனி கடைக்காரர் சொன்ன ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு ஆச்சரியம். தரைத் தகடு ஒரு மி.மீ. கனம்கூட இருக்காது. தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூவுக்கு அந்தக் கனத்தில் பிடிக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு மரைகள்தான். இழுத்தால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மேல் முனையிலும் இதே பலவீனம்தான். பெட்டி செய்யும் எம்.டி.எஃப். பலகை என்பது மரநாரை அழுத்திச் செய்தது. அதன் விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்கடுக்காகப் பிளக்கும். நடுவே இருக்கும் இரும்பு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? இரண்டு முனையும் பொலபொலவென்று இருக்கிறது.

தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அடுத்த கவலை. முன்சக்கர ஓட்டம் உள்ள பெரும்பாலான கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும். அதிலிருந்து வரும் குழாய்கள், பிரேக் குழாய், ஒயர் கற்றை, சைலன்ஸர் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான். சி.என்.ஜி. வண்டியிலும் மின்சாரக் காரிலும் டிக்கித் தரையில் துளை போடுகிற பேச்சே வேண்டாம். சிலிண்டரைப் பிடித்திருக்கும் சட்டத்தில் எதையும் மாட்டவும் கூடாது. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு நானே ஒரு காரியம் செய்தேன். ஒரு வாடிக்கையாளரின் டிக்கிப் பலகையில் பெட்டியை இரண்டரை அங்குல ஸ்க்ரூ நான்கு போட்டு இறுக்கினேன். கடைசி ஸ்க்ரூ இறங்கும்போது கை திடீரென்று லேசாகிவிட்டது. அடியில் ஏதோ ‘புஸ்’ என்றது. பலகை உட்கார்ந்த சத்தம் என்று விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து அவர் சேலம் சாலையில் டயர் வெடித்து நின்று, பெட்டியைக் கழற்றி, பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஸ்டெப்னியின் பக்கச் சுவரில் என் ஸ்க்ரூ குத்திக்கொண்டு நின்றிருக்கிறது. அன்று அவர் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. புது டயர் வாங்கிக் கொடுத்தேன்.

அப்படியானால் எதோடு கட்டுவது? தொழிற்சாலையிலேயே வண்டியின் உடலோடு சேர்த்துப் பொருத்திய இரும்பு வளையங்களோடு. டிக்கியின் நான்கு மூலைகளிலும் விரிப்பை விலக்கிப் பாருங்கள். சில மாடல்களில் மடங்கும் வளையங்கள் இருக்கும். பக்கச் சுவரில் தெரியும் பிளாஸ்டிக் கொக்கிகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை மளிகைப் பை மாட்டுவதற்கு. இரும்பு வளையங்கள் இருந்தால் 25 மி.மீ. அகலமுள்ள இரண்டு ராட்செட் பெல்ட்டுகள் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் சரக்குப் பட்டை) போதும். வாங்கும்போது பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். எல்.சி. (LC, பெல்ட் தாங்கும் சுமை) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது டெக்கா நியூட்டன் கணக்கு. ஏறக்குறைய கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். 400-க்குக் குறையாமல் வாங்குங்கள். லேபிளே இல்லாத பெல்ட் மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். இழுத்தால் நீளும் கொக்கி ரப்பர் கயிறும் வேண்டாம். நீள்வதுதான் அதன் வேலை.

பெல்ட்டை எப்படிச் சுற்றுகிறீர்கள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பெட்டியின் தலைக்கு மேலே குறுக்காக ஒரு பெல்ட் போட்டு இறுக்கினால் பெட்டி தரையோடு அழுந்தும். முன்னால் போகாமல் தடுப்பது உராய்வு மட்டும்தான். பெல்ட் பெட்டியைத் தடுத்து மறித்து நிற்க வேண்டும். பின் இடது வளையத்தில் தொடங்கி, பெட்டியின் சீட்டைப் பார்த்த முகத்தைச் சுற்றிக்கொண்டு, பின் வலது வளையத்துக்கு வரும்படி ஒன்று. இது பெட்டியைச் சீட்டுப் பக்கம் போகவிடாமல் பின்னால் இழுத்துப் பிடிக்கும். முன் வளையங்களிலிருந்து கிளம்பி, பெட்டியின் மேல்புறமாகக் கதவைப் பார்த்த முகத்தைத் தழுவி வருவது இன்னொன்று. இது பெட்டியைச் சீட்டோடு ஒட்டி அழுத்தும்; பின்னாலிருந்து லாரி இடித்தாலும் பெட்டி கதவைப் பெயர்த்துக்கொண்டு போகாது; வண்டி புரண்டாலும் கூரைக்குத் தாவாது. முதல் பெல்ட் கீழே நழுவாமல் இருக்கப் பெட்டியின் பக்கங்களில் சின்ன வழிகாட்டி வளையங்களை ஸ்க்ரூ போட்டுக்கொள்ளலாம். அந்த ஸ்க்ரூவுக்குச் சுமை இல்லை என்பதால் அங்கே பரவாயில்லை. பெல்ட் ஸ்பீக்கரின் கூம்பில் உரசக் கூடாது.

வளையங்கள் இல்லாத வண்டி என்றால், ஓட்டை போடாத இன்னொரு வழி இருக்கிறது. நான் அதிகம் செய்வதும் அதுதான். 18 மி.மீ. பிளைவுட்டை டிக்கித் தரையின் வடிவத்துக்கே, சக்கர மேடுகளின் வளைவு உட்பட, நெருக்கமாக அறுத்துக்கொள்ள வேண்டும். சுவரோடு சுவராக உட்காரும் பலகை பக்கவாட்டில் எங்கும் போகாது. ஸ்டெப்னியை இறுக்கிப் பிடித்திருக்கும் நடு போல்ட் உடலோடு சேர்ந்தது. அதன் மரைக்குப் பொருந்தும் நீளமான போல்ட் ஒன்றைப் போட்டு, ஸ்டெப்னியையும் பலகையையும் சேர்த்து இறுக்கலாம். பெட்டியை அந்தப் பலகையோடு எல் வடிவக் கிளாம்ப்புகளால், பலகையின் அடியில் அகலமான வாஷர் வைத்து, போல்ட் நட் போட்டு இணைக்க வேண்டும். நைலான் வளையம் உள்ள நட்டாக இருக்கட்டும். சப்வூஃபரின் அதிர்வு சாதாரண நட்டை இரண்டே மாதத்தில் தளர்த்திவிடும். பெட்டிக்குள் போல்ட் நுழையும் துளைகளைச் சிலிக்கான் வைத்து அடைக்காவிட்டால் காற்று கசிந்து சீழ்க்கை அடிக்கும். ஒற்றை நடு போல்ட்டை நம்பும் இந்த முறை பெல்ட் முறையைவிட ஒரு படி குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் இதில் பெட்டி சீட்டோடு ஒட்டியே ஆக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் துளைதான் என்று முடிவெடுத்தால், ஸ்க்ரூ அல்ல, 8 மி.மீ. போல்ட். 8.8 என்று தலையில் பொறித்தது. அதை இழுத்து அறுக்க ஏறக்குறைய மூன்று டன் வேண்டும்; அறுந்தால் தகடுதான் அறும். எனவே தகட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் 3 மி.மீ. இரும்புத் தட்டு வைத்து இறுக்க வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, கீழே இருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல, அதன் பிறகே டிரில். துளையின் விளிம்பில் துத்தநாக பிரைமர், அதன் மேல் பெயின்ட், அதற்கு மேல் சீலன்ட். இதை ஒழுங்காகச் செய்யாமல் விட்ட வண்டிகளில் இரண்டு மழைக்காலம் போனதும் தரை பொரபொரத்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

மகளுக்குக் குழந்தை இருக்கை பொருத்தியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதன் மேல் வாரை மாட்டும் கொக்கி பெரும்பாலும் சீட்டின் முதுகுப்புறமோ டிக்கித் தரையிலோ இருக்கும். அந்தக் கொக்கியைப் பெட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். பெட்டி அந்த வாரை அழுத்தவோ விலக்கவோ கூடாது. சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி அதில் கிளாம்ப் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யவே கூடாது. சீட்டின் முதுகிலேயே பெட்டியை போல்ட் போட்டு இணைப்பதும் அப்படித்தான்.

நீங்கள் கேட்காதது ஒன்று. உங்கள் பார்சல் ட்ரேயில், அதாவது பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கியை மூடும் தட்டில், முட்டை வடிவ ஸ்பீக்கர்கள் இருக்கின்றனவா? கம்பெனி ட்ரேயை எடுத்துவிட்டுக் கனமான மரப்பலகையில் 6×9 அங்குல ஸ்பீக்கர் இரண்டைப் பொருத்திச் சும்மா மேலே வைத்துத் தருவது நம் ஊரில் சர்வசாதாரணம். காந்தம், பலகை எல்லாம் சேர்ந்து பல கிலோ. இருப்பதோ பின் சீட்டில் இருப்பவர்களின் பிடரி மட்டத்தில். சீட்டின் முதுகு மறைக்காத உயரம் அது. கீழே கிடக்கும் சப்வூஃபரைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அது இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒயரைப் பற்றிச் சுருக்கமாக. பேட்டரியிலிருந்து ஆம்புக்கு (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு) வரும் தடித்த ஒயரில் ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே, ஒன்றரை அடிக்குள், இருக்க வேண்டும். பெட்டி நகர்ந்து ஒயர் அறுந்தாலோ தகட்டில் உரசினாலோ தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். ஆம்புக்கு அருகே ஃபியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது ஆம்பைக் காக்கும், நடுவில் ஓடும் ஒயரைக் காக்காது. பெட்டிக்குப் போகும் ஸ்பீக்கர் ஒயரில் பிளக் வைத்துக்கொண்டால் ஸ்டெப்னி எடுக்கும்போது கழற்ற எளிது.

பெட்டியை இறுக்கிக் கட்டினால் பேஸ் கூடும் என்று சொல்வார்கள். கடகடச் சத்தம் நிற்கும் என்பது நிச்சயம். பேஸ் ஆழமாகும் என்பதை என் காது இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குத்தான் அதிக வித்தியாசம் தெரிகிறது. பெரும்பாலான ஹாட்ச்பேக்குகளில் கதவைப் பார்த்து வைத்தால் நன்றாகக் கேட்கும். சீட்டோடு ஒட்டி வைக்கும்போது தானாகவே அப்படித்தான் அமையும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் இன்று மாலையே விரிப்பைத் தூக்கி இரும்பு வளையங்களைத் தேடுவேன். இருந்தால் இரண்டு பெல்ட், இல்லாவிட்டால் பலகை. கட்டி முடித்ததும் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்குங்கள். வண்டி ஆட வேண்டும், பெட்டி வண்டிக்குள் ஆடக் கூடாது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு பெல்ட்டையும் நட்டையும் மறுபடி இறுக்குங்கள். பலகையைத் தூக்குகிற அந்த நேரத்தில் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.